அப்பாவின் முழங்கையும் சொந்த ரத்த ஊசியும்

கப்பலூர் சிட்கோவுல இருபத்தஞ்சு வருஷமா லேத் ஓட்டுறவர் அப்பா. போன மாசம் ஊருக்குப் போனப்ப காபி டம்ளரை இடது கையால தூக்கினார். "என்னாச்சுப்பா?"ன்னா, "ஒண்ணுமில்லடா, சுளுக்கு"ன்னு மழுப்பல். அம்மாதான் போட்டுக் கொடுத்தாங்க. வலது முழங்கையில ஆறு மாசமா வலியாம்.

டாக்டர் பார்த்துட்டு 'டென்னிஸ் எல்போ'ன்னார். டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காத மனுஷனுக்கு :-) சச்சினுக்கு 2004ல வந்த அதே வியாதின்னதும் அப்பாவுக்குக் கொஞ்சம் பெருமை வேற. "பி.ஆர்.பி. ஊசி போடலாம், யோசிச்சு சொல்லுங்க"ன்னு அனுப்பிட்டார்.

பொட்டி தட்டுறவன் சும்மா இருப்பானா? ராத்திரி பூரா படிச்சேன். நம்ம ரத்தத்தையே எடுத்து மிஷின்ல வேகமா சுத்துவாங்க. கனமான சிவப்பணு அடியில தங்கிடும். மேல நிக்கிற மஞ்சள் திரவத்துல தட்டணு நிறைஞ்ச பாகத்தை மட்டும் எடுத்து, வலிக்கிற தசைநாணில் போடுறது. டெங்கு வந்தா எண்ணிப் பார்க்கிறோமே, அதே பிளேட்லெட்தான். ரத்தத்தை உறைய வைக்கிறதோட, திசு வளர உதவுற புரதங்களையும் அது வெளிய விடும். 2009ல சூப்பர் பவுலுக்கு முன்னாடி ஹைன்ஸ் வார்டுங்கிற அமெரிக்க ஃபுட்பால் வீரர் முழங்காலுக்குப் போட்டுக்கிட்டதுல இதோட பேர் பரவுச்சு.

ஆனா ஆராய்ச்சிகளைப் பார்த்தா குழப்பம்தான். 2010ல நெதர்லாந்துல டென்னிஸ் எல்போகாரங்க 100 பேரை வச்சுப் பார்த்ததுல, ஒரு வருஷம் கழிச்சு ஸ்டீராய்டு ஊசியை விட இது மேல். அதே வருஷம், அதே நாடு. குதிகால் நாண் வலிக்காரங்க 54 பேர்ல பாதிப் பேருக்கு இது, மீதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. பெரிய வித்தியாசமே இல்லை. 2021ல முழங்கை வலிக்கான 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அறிக்கையும், மூணு மாசத்துல சொல்லிக்கிற மாதிரி பலன் இல்லைன்னுதான் சொல்லுது.

அப்பாகிட்ட சொன்னேன். "அப்ப உப்புத்தண்ணி ஊசி என்ன வெலடா?"ன்னார்.

பெரும்பாலானவங்களுக்கு ஒரு வருஷத்துக்குள்ள தானாவே குறையும், கைக்கு ஓய்வும் பயிற்சியும் கொடுத்தா போதும்னேன். "ஓய்வா? லேத்துக்கு யாரு நிப்பா?"

அப்பதான் உறைச்சுது. அவருக்கு வேண்டியது ஊசி இல்லை, நாளைக்கே வேலைக்குப் போக ஒரு வழி. ஊசிக்கு வச்சிருந்த காசை அம்மா கையில கொடுத்து, ரெண்டு மாசம் அந்தப் பக்கமே போகாதீங்கன்னு சொல்லிட்டு பஸ் ஏறினேன். தலையை மட்டும் ஆட்டினார்.

இன்னைக்குக் காலையில போன் பண்ணேன். "வீட்லதான்டா இருக்கேன்"ங்கிறார். பின்னாடி லேத் சத்தம் கேக்குது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. ஊசி போடுறதுக்கு முன்னாடி உங்க டாக்டரைக் கேட்டுக்கங்க. அப்பாவை வீட்ல உக்கார வைக்க வழி தெரிஞ்சவங்க மட்டும் பின்னூட்டத்துல சொல்லுங்க.