நாய்களோடு ஒரு மலைவாசம்

கோடை விடுமுறை பிறந்தாலே எங்கள் கிருகத்தில் ஒரு வழக்கு ஆரம்பமாகிவிடும். நாய்கள் இரண்டையும் யாரிடம் ஒப்புவிப்பது? ஒன்று சிப்பிப்பாறை ஜாதி, பெயர் வீரன். மற்றது தெருவிலே கிடைத்தது, குலம் கோத்திரம் தெரியாது, பெயர் மணி. சென்ற வருஷம் அடுத்த வீட்டாரிடம் விட்டுப் போனதில் வீரன் மூன்று நாள் அன்னத்தைத் தொடவில்லை. ஆகவே இம்முறை அவற்றையும் அழைத்துக்கொண்டே குன்னூருக்குக் கிளம்பினோம்.

குழந்தைகளுக்கு மலை ரயிலில்தான் ஆசை. 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் ஏறிய அந்தப் பல்சக்கர ரயிலின் சின்னஞ்சிறு பெட்டியில் சிப்பிப்பாறையின் கால்களை எங்கே மடக்கி வைப்பது? வாடகைக் காரே கதியென்றாயிற்று. 2024 மே மாதத்தில் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் ஏற்பட்டதல்லவா? அதையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டோம். மலைப்பாதை வளைவுகளில் மணி இருமுறை வாந்தி எடுத்தது. புறப்படுமுன் வயிறாரச் சோறு போட்டது எங்கள் பிசகு.

ஜாகை, தேயிலைத் தோட்டத்தின் நடுவே ஓர் ஓட்டு வீடு. இரண்டு அறைகள், ஒரு கணப்பு, முன்புறம் தாழ்வாரம். கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சைக் கம்பளம். இடையிடையே சவுக்கு மரங்கள். உஷ்ணத்தில் சுருண்டு கிடந்த வீரன் அந்தக் காற்றை மோந்ததும் குட்டியாகிவிட்டது.

இம்மலையில் நாய்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் சீமையிலிருந்து வேட்டை நாய்களை வரவழைத்து, உதகையின் வென்லாக் புல்வெளிகளில் குள்ளநரியை விரட்டினார்கள். நம் பாண்டி நாட்டு ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும் அவர்கள் கண்ணில் பட்டனவோ என்னவோ! ராஜபாளையத்துக்குத் தபால்தலை கிடைக்க 2005 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

முதல் நாள் இரவு வீரனைத் தாழ்வாரத் தூணில் கட்டிவிட்டு உள்ளே படுத்தோம். ஊரில் அதுதான் வழக்கம். பத்து மணி இருக்கும். தோட்டத்துக் காவல்காரர் டார்ச் விளக்கோடு ஓடி வந்தார்.

"ஸார், நாயை உள்ளே கொண்டு போங்க. முதல்லே உள்ளே கொண்டு போங்க."

"ஏன் பெரியவரே?"

"சிறுத்தைக்கு நாய்ன்னா பலகாரம் ஸார். நானே மூணு நாய் கொடுத்தாச்சு. இனிமே வளர்க்கறதில்லைன்னு விட்டுட்டேன்."

2023 நவம்பரில் இதே குன்னூரில் நாயைத் துரத்தி வந்த சிறுத்தை ஒரு வீட்டுக்குள் புகுந்து பலரைக் காயப்படுத்திய செய்தியைப் பத்திரிகையில் வாசித்திருந்தோம். வாசித்து என்ன பயன்? தூணில் கட்டிய நாய் ஓடவும் முடியாதே என்பது உபாத்தியாயர் புத்திக்கு எட்டவில்லை. கதவைத் தாழிட்டு ஒரு மணி நேரம் சென்றபின், சரிவுக்குக் கீழே ரம்பத்தால் மரம் அறுப்பது போன்ற ஓசை கேட்டது. மணி கட்டிலுக்கடியில் புகுந்தது. வேட்டைக்குப் பிறந்த வீரனும் அதன் பின்னாலேயே புகுந்தது! விடிந்ததும் சமையலறைப் பின்புறச் சேற்றில் காலடித் தடங்களைக் கண்டோம். குழந்தைகளுக்குக் காட்டவில்லை.

அதன்பின் நாய்கள் பகலில் மட்டும், கழுத்துவாரோடு, எங்கள் நடுவிலேயே நடந்தன. காட்டுக்குள் அழைத்துப் போகவில்லை. நம் நாய்களின் வியாதி செந்நாய்க் கூட்டத்துக்குத் தொற்றினால் அக்கூட்டமே அழியக்கூடும்.

மூன்றாம் நாள் சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே பாஸ்டர் ஸ்தாபனத்தைப் பார்த்தோம். 1902-இல் வெறிநாய் கடித்த ஆங்கிலப் பெண்ணொருத்தி காலத்தில் சிகிச்சை கிட்டாமல் மாண்டாள். அப்பொழுது ஊசிக்கு இமயமலைக் கசௌலிக்குப் போக வேண்டும். பிறகு அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் கொடுத்த லட்ச ரூபாயைக் கொண்டு 1907-இல் இங்கே சிகிச்சை தொடங்கிற்று. வீரனுக்கும் மணிக்கும் போட்ட ஊசிச் சீட்டு எங்கள் பையில் இருந்தது. அதை எடுத்து ஒரு தடவை தேதியைச் சரிபார்த்துக்கொண்டோம்.

இறங்கும் நாளன்று காவல்காரர் மணியை மடியில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். கார் ஹாரன் அடித்தும் எழுந்திருக்கவில்லை.

"இது பெட்டையா ஸார்?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்றோம்.

"குட்டி போட்டா ஒண்ணு எனக்குக் கொண்டு வாங்க."