பதினேழு நிமிஷம்

குருவிகுளத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடியில், ஒன்பது மாதக் கர்ப்பிணி ஒருத்தியைப் பதினேழு நிமிஷம் மல்லாக்கப் படுக்க வைத்துப் படம் எடுத்தேன். அவள் மயங்கிப்போனாள். பழி வேறொருத்தி மேல் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நடுவில் தொழில் கதையும் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஸ்டுடியோ வைத்திருந்த காலத்தில் வளைகாப்புக்கு மூன்று படம்தான். பூத் தைத்த சடையோடு வருகிறவளை நாற்காலியில் உட்கார வைப்பார். சேலைத் தலைப்பை வயிற்றுக்கு மேல் இழுத்துவிடச் சொல்வார். பின்னால் ஆளுயரக் கண்ணாடி. முகமும் தெரிய வேண்டும், சடையும் தெரிய வேண்டும், ரெண்டு கை வளையலும் தெரிய வேண்டும். வயிறு மட்டும் தெரியக் கூடாது. கண் பட்டுவிடும் என்பது வீட்டார் கணக்கு. அப்பாவுக்கு வேறொரு கணக்கும் இருந்தது. "புள்ளத்தாச்சிய நிக்க வைக்காத, காக்க வைக்காத" என்பார். ஏனென்று நான் கேட்டதில்லை.

இப்போது வயிறுதான் படமே. 1991 ஆகஸ்டில் வேனிட்டி ஃபேர் அட்டையில் ஏழு மாத வயிற்றோடு டெமி மூர் நின்றபோது, அமெரிக்காவிலேயே சில கடைகளில் அந்த இதழைக் காகிதம் சுற்றித்தான் விற்றார்கள். எடுத்தவர் ஆனி லீபோவிட்ஸ். 2019-இல் நடிகை சமீரா ரெட்டி ஒன்பதாம் மாதத்தில் தண்ணீருக்கடியில் படம் எடுத்துக்கொண்டார். அதையெல்லாம் போனில் பார்த்துவிட்டு எங்கள் கரிசல்காட்டுப் பிள்ளைகளும் ஸ்கிரீன்ஷாட்டோடு வருகிறார்கள். சிலர் சூரியகாந்தி பூக்கும் நாள் பார்த்துச் சுந்தரபாண்டியபுரத்துக்கே கூட்டிப் போகச் சொல்கிறார்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. மறைத்து வைத்ததைச் சந்தோஷமாகக் காட்டுகிறார்கள், காட்டட்டும்.

எனக்கு வேலை தெரியும். நேராக நிற்க வைத்தால் வயிறு எடுபடாது, ஆள்தான் பருமனாகத் தெரிவாள். முக்கால்பக்கம் திருப்ப வேண்டும். எடையைப் பின்காலில் போடச் சொல்லி, முன்கால் முட்டியை லேசாக மடக்க வைத்தால் இடுப்பு வளைவு தானாக வரும். ஒரு கை வயிற்றுக்கு அடியில், ஒரு கை மேலே, விரல் விரைக்காமல். 35 மி.மீ. லென்ஸை வைத்துக்கொண்டு கிட்டே போனால் மூக்கும் முழங்கையும் பெருத்துவிடும். 85-ஐ மாட்டிக்கொண்டு தள்ளி நிற்க வேண்டும். இவ்வளவும் யூடியூபில் படித்தது. வயிற்றை எப்படிக் காட்டுவது என்றுதான் படித்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரிடமும் கேட்கவில்லை.

குருவிகுளத்து வளைகாப்பு அன்றைக்கு மாசி மாத முகூர்த்தம். சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டிலிருந்து செவ்வந்தி வரவழைத்திருந்தேன். மாடியில் ஜமுக்காளம் விரித்து, மேலே பூவைக் கொட்டி, கண்ணாடி வளையல்களை வட்டமாக அடுக்கி, நடுவில் அவளைப் படுக்க வைத்தேன். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று டாப் ஆங்கிள். முதல் ஐந்து நிமிஷம் நன்றாகச் சிரித்தாள். பிறகு சொன்னாள்:

"அண்ணே, ஒரு மாதிரி கிறக்கமா வருது. ஒருச்சாச்சுப் படுத்துக்கிடவா?"

"ரெண்டே ரெண்டு படம்மா. அசையாத, பூ கலைஞ்சிரும்."

ரெண்டு படம் இருபதானது. உதடு வெளுத்ததைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது, கேமராக்காரன் கண் அது. வெளிச்சக் கோளாறு என்று நினைத்து ஒயிட் பேலன்ஸை மாற்றினேன். நெற்றி வியர்வை நல்ல மினுமினுப்பாக விழுகிறது என்றுகூட நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் மாடிப்படியில் மதினி வந்தாள். மாப்பிள்ளையின் அக்கா. விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்று புளியோதரையும் தேங்காய்ச் சோறும் கிளறிக்கொண்டிருந்தவள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம், பிள்ளை இல்லை. அதனால் வளையல் போடும் வரிசைக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. வெயிலில் கிடக்கிறாளே என்று ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஏறி வந்தாள். பார்த்ததும் சொம்பைப் போட்டுவிட்டு ஓடி, அவளை ஒருக்களித்துத் திருப்பினாள். நான் இன்னும் தொட்டி மேல்தான் நின்றுகொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டு எல்லாரும் ஏறி வந்தார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்து, சங்கரன்கோவில் புற்றுமண்ணை நெற்றியில் பூசினார்கள். ஒரு வாந்தி எடுத்துவிட்டுத் தெளிந்துவிட்டாள். அப்போது அந்த வீட்டு ஆச்சி கேட்டாள்: "இப்ப மாடிக்கு ஏறுனது ஆரு?"

யாரும் பதில் சொல்லவில்லை. எல்லாரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். "நீ கீழ எறங்கு" என்று பெற்ற தாயே மதினியைப் பார்த்துச் சொன்னாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். நான் லென்ஸைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். ஆச்சி என்னைப் பார்த்து, "கண்ணேறுதான, தம்பி?" என்றாள். தலையை ஆட்டினேன்.

அந்தத் தலையாட்டலுக்குத்தான் இந்த வாக்குமூலம்.

சில மாதம் கழித்து ஒரு சமுதாய வளைகாப்புக்குப் படம் எடுக்கப் போனேன். வரிசையாகக் கர்ப்பிணிகள் சந்தனமும் வளையலுமாக உட்கார்ந்திருந்தார்கள். அங்கே இருந்த கிராம சுகாதார செவிலியரிடம் யாருக்கோ நடந்ததுபோல விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டதே, "மல்லாக்கப் படுக்க வச்சிருந்தாங்களா?" என்றுதான். இருபது வாரத்துக்கு மேல் அப்படிப் படுத்தால், பாரமான கருப்பை முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெருஞ்சிரையை அமுக்கும். காலிலிருந்து இதயத்துக்கு ஏற வேண்டிய ரத்தம் தடைபடும். பிரஷர் இறங்கும், வியர்க்கும், குமட்டும், கிறக்கம் வரும். பிள்ளைக்குப் போகும் ரத்தமும் குறையலாம். அந்தச் சிரை முதுகெலும்புக்குச் சற்று வலப்பக்கம் இருப்பதால் இடப்பக்கமாகச் சாய்த்துவிட்டாலே பெரும்பாலும் தெளிந்துவிடும் என்றார். மதினி செய்தது அதுதான். அவளுக்கும் காரணம் தெரியாது, கை தெரிந்திருக்கிறது.

தெரிந்த பிறகாவது போய்ச் சொன்னேனா? இல்லை. சின்ன ஊர், அந்த ஒரு வளவிலேயே மூன்று கல்யாண ஆர்டர் நிலுவையில் இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லக் கூசுகிறது: அந்தப் படம் நன்றாக வந்திருந்தது. அவள் சிரித்த முதல் ஐந்து நிமிஷத்தில் எடுத்தது. ஸ்டுடியோ வாசல் பிளெக்ஸில் அதைத்தான் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பேர் வைப்புக்கு மதினியைக் கூப்பிடவில்லை. ஆல்பம் போடும்போது மாப்பிள்ளை போன் செய்தார். "அண்ணாச்சி, அக்கா இருக்கிற படம் வேண்டாம்னு வீட்ல சொல்லுதாங்க." சரி என்றேன். குரூப் படத்தில் ஓரத்தில் நின்றாள், வெட்டிவிட்டேன். இன்னொன்றில் தாம்பாளத்தோடு நடுவில் நின்றாள், அங்கே வெட்ட வழியில்லை. போட்டோஷாப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பந்தலில் கட்டியிருந்த வாழைமரத்தை நகல் எடுத்து அவள் மேல் வைத்தேன். நேர்த்தியான வேலை, யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த வீட்டு ஆல்பத்தில் அவள் நின்ற இடத்தில் இன்றும் வாழைமரம்தான் நிற்கிறது.

இப்போது யாரையும் மல்லாக்கப் படுக்க வைப்பதில்லை. படுத்த மாதிரிப் படம்தான் வேண்டுமென்றால் வலப்பக்க இடுப்புக்கு அடியில் தலையணை செருகி இடப்பக்கம் சாய்த்து, ரெண்டு நிமிஷத்தில் எழுப்பிவிடுகிறேன். பிளெக்ஸையும் கழற்றிவிட்டேன். இதனால் மதினிக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் "நல்லாருக்கீகளா?" என்று அவள்தான் முதலில் கேட்கிறாள்.

அந்த வீட்டார் இதைப் படித்தால் ஒரு விஷயம். மெமரி கார்டை நான் அழிக்கவில்லை. ஒவ்வொரு படத்திலும் நேரம் பதிவாகியிருக்கிறது. அவள் படுத்த முதல் படம் 11.04. உதடு வெளுத்த படம் 11.16. கடைசிப் படம் 11.21, அதில்தான் ஓரத்தில் முதல்முறையாக மதினியின் கையும் சொம்பும் தெரிகின்றன. கார்டு ஸ்டுடியோ மேஜை டிராயரில் இருக்கிறது. ஆச்சியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பெரிய திரையில் போட்டுக் காட்டுகிறேன்.