மடிக்கணினியின் நினைவகம் மேசைக்கணினிக்கு வந்த கதை

எமது பத்திரிகை அலுவலகத்துக்கு முதன்முதலாக அந்தப் பெட்டிகள் வந்து இறங்கியபோது, ‘கணனி’ என்று எழுதுவதா ‘கணினி’ என்று எழுதுவதா என ஆசிரிய பீடத்தில் பெரியதொரு விவாதம் நடந்தது. ‘கணனி’க் கட்சியே வென்றது. நான் தோற்ற கட்சியைச் சேர்ந்தவன். ஓய்வு பெற்ற பின்னர் வீட்டில் நானே ஆசிரியன் என்பதால் இங்கே கணினி என்றே எழுதுகிறேன்.

சொல்ல வந்தது என் மேசைக்கணினியைப் பற்றி. 2012ஆம் ஆண்டு வாங்கியது. இன்டெல் ஐ3 செயலி; ரேம் எனப்படும் நினைவகம் 2 ஜிகாபைட். அந்தக் காலத்துக்கு அது போதும். பத்து ஆண்டுகள் கழிந்தபோதோ, உலாவியில் இரண்டு பக்கங்களைத் திறந்துவிட்டு மூன்றாவதற்குக் கட்டளை கொடுத்தால், தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து காத்திருக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்து பார்த்த திருத்துநர் இளைஞர், “ஐயா, இதுக்கு இனிச் செலவழிக்காதேங்கோ, புதுசா ஒண்டு எடுங்கோ” என்றார்.

அவர் அதைச் சொன்னது 2022ஆம் ஆண்டு நடுப்பகுதியில். மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டிவிட்டிருந்தது. ஓய்வூதியக்காரன் ஒருவன் புதுக் கணினி வாங்குவதைப் பற்றி நினைக்கக்கூடிய காலம் அல்ல அது.

பணம் ஒரு காரணம். மற்றக் காரணம் அந்தப் பெட்டிக்குள் கிடந்தது. நான் பணியாற்றிய பத்திரிகைகளுள் ஒன்று நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதில் நான் எழுதியவற்றுள் பத்திரிகை நறுக்குகளாக மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஏனையவை பேஜ்மேக்கர் கோப்புகளாகவும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த வெறும் உரைக் கோப்புகளாகவும் அந்தக் கணினியில் மட்டுமே இருந்தன. நான் பேட்டி கண்டவர்களுள் பலர் இன்று உயிருடன் இல்லை. அவற்றையெல்லாம் யூனிகோட்டுக்கு மாற்றி, ஒழுங்குபடுத்தி, இரண்டு மூன்று இடங்களில் பத்திரப்படுத்திவிட வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். 2 ஜிகாபைட் நினைவகத்துடன் அது நடவாத காரியம்.

இந்த நிலையில்தான் அலுமாரிக்கு மேல் கிடந்த மகளின் பழைய மடிக்கணினி கண்ணில் பட்டது. பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் அவள் பாவித்தது. தாய்ப்பலகை பழுதாகி உயிர்விட்டிருந்தது. அடிப்பக்கத்து ஆணிகளைக் கழற்றிப் பார்த்தேன். 4 ஜிகாபைட் நினைவகத் தகடுகள் இரண்டு, தூசி படிந்து, ஆனால் நலமாக, உள்ளே இருந்தன. (எல்லா மடிக்கணினிகளிலும் இப்படிக் கழற்ற முடியாது. மெல்லியவை பலவற்றில் நினைவகத்தைத் தாய்ப்பலகையுடனேயே ஒட்டிவிடுகிறார்கள்.)

மடிக்கணினியின் நினைவகமும் மேசைக்கணினியின் நினைவகமும் வெவ்வேறு சாதிகள் என்றே நானும் எண்ணியிருந்தேன். தகட்டின் மேல் இருக்கும் சில்லுகள் ஒரே இனம்தான். வேறுபடுவது தகட்டின் அளவும், அடியில் உள்ள பொன்னிறத் தொடுமுனைகளின் எண்ணிக்கையும். டிடிஆர்3 வகையில் மேசைக்கணினித் தகட்டுக்கு 240 முனைகள், நீளம் 13 சென்டிமீற்றருக்குச் சற்று மேல். மடிக்கணினித் தகட்டுக்கு 204 முனைகள், நீளம் 7 சென்டிமீற்றருக்கும் குறைவு. இரண்டுக்கும் நடுவே வைப்பதற்கென்று இணைப்பு அட்டை ஒன்று இருக்கிறது. அதன் மேற்பக்கம் சிறிய தகட்டை ஏற்கும். கீழ்ப்பக்கம் பெரிய துளையில் அமரும். அதில் மூளை எதுவும் இல்லை, வெறும் கம்பித்தடங்களே. ஆகவே தலைமுறை மாறக்கூடாது: டிடிஆர்3க்கு டிடிஆர்3, டிடிஆர்4க்கு டிடிஆர்4. மின்னழுத்தத்தையும் கவனிக்க வேண்டும். பழைய டிடிஆர்3 பலகைகள் 1.5 வோல்ற் கொடுப்பவை. தகட்டின் ஒட்டுத்தாளில் ‘பிசி3’ என்றிருந்தால் அது 1.5 வோல்ற்றுக்கு உரியது. ‘பிசி3எல்’ என்றிருந்தால் 1.35 வோல்ற்றிலும் இயங்கவல்லது, நியமத்தின்படி 1.5 வோல்ற்றையும் தாங்கும். என்னுடையவை இரண்டும் வெறும் ‘பிசி3’.

ஈய எழுத்துக் காலத்தைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல. பெரிய எழுத்து வரியில் சிறிய அளவு எழுத்தொன்றைக் கோக்க நேர்ந்தால், அச்சுக்கோப்பாளர் மேலும் கீழும் ஈயத்துண்டு வைத்து உயரத்தைச் சரிக்கட்டுவார். எழுத்தும் வீணாவதில்லை, அச்சு முடிந்ததும் பிரித்துத் தட்டில் இட்டு மறுநாள் மீண்டும் கோப்பார்கள்.

பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த கட்டடத்தில் அந்த இணைப்பு அட்டையைக் கேட்டபோது சிரித்தார்கள். இணையம் மூலம் சீனாவிலிருந்து இரண்டு தருவித்தேன். ஏழு வாரங்கள் சென்றன. வந்ததும், தகடுகளின் தொடுமுனைகளைப் பாடசாலைப் பிள்ளைகளின் அழிறப்பரால் மெல்லத் துடைத்து, அட்டைகளில் செருகி, பழைய தகட்டை எடுத்துவிட்டு இரண்டு துளைகளிலும் அமர்த்தினேன். வழமையான தகட்டிலும் உயர்ந்து நின்றதால் ஒரு வயரை விலக்க வேண்டியிருந்தது. மின் கொடுத்தேன். திரையில் 8192 மெகாபைட் என்று வந்தது. அந்த மகிழ்ச்சியில் அன்றிரவே கோப்புகளைப் பிரதி செய்யத் தொடங்கியிருப்பேன்.

தடுத்தவர் மகள். தொலைபேசியில், “அப்பா, முதலில் மெம்டெஸ்ட் ஓடவிட்டுப் பாருங்கோ. அதுக்குப் பிறகு எதையும் தொடுங்கோ” என்றாள். பென் டிரைவிலிருந்து இயங்கும் சோதனை நிரல் அது. நினைவகத்தின் ஒவ்வொரு மூலையிலும் எழுதி, எழுதியது அப்படியே திரும்பி வருகிறதா எனப் பார்க்கும். ஒரு சுற்று முடிய ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் ஆகும். அந்நாட்களில் ஏ, பி, சி என எழுத்துகளால் வலயம் பிரித்து மின்வெட்டு நடந்தது. இரண்டு முறை பாதியில் வெளிச்சம் போயிற்று. மூன்றாவது முறை, இரவு மின்வெட்டு முடிந்த பின்னர் ஓடவிட்டேன். அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் திரை நிறையச் சிவப்பு வரிகள். பிழைகள்.

கணினி இயங்கிக்கொண்டுதான் இருந்தது. வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எழுதியது ஒன்று, திரும்பி வந்தது இன்னொன்று. பாமினியில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் ஆங்கில எழுத்தின் இடத்தில் குந்தியிருக்கிறது. ‘ம’ இருப்பது ஆங்கிலக் ‘கே’யின் இடத்தில், ‘த’ இருப்பது ‘ஜே’யின் இடத்தில். கணினியின் கணக்கில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு பிட். அந்த ஒரு பிட் புரண்டால் ‘மனம்’ ‘தனம்’ ஆகிவிடும். ஒப்புநோக்காளர் எவரும் பிடிக்க மாட்டார், இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள் அல்லவா! பழுதான நினைவகத்தினூடாக ஆயிரக்கணக்கான பக்கங்களை மாற்றிவிட்டு மூலத்தையும் அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணியபோது அன்றிரவு உறக்கம் வரவில்லை.

தகடுகளை ஒவ்வொன்றாகத் தனித்துச் சோதித்தேன். இரண்டிலும் ஓரிரு பிழைகள். அப்படியானால் குறை தகட்டில் இல்லாமலும் இருக்கலாம். இணைப்பு அட்டை சமிக்ஞையின் பாதையை நீட்டுகிறது. நடுவே ஒரு தொடுப்பையும் கூட்டுகிறது. வேகம் கூடினால் தடுமாறும். பயோஸுக்குள் சென்று நினைவகத்தின் வேகத்தை 1333இலிருந்து 1066ஆகக் குறைத்தேன். அன்றிரவும் மறுநாள் இரவும் ஓடவிட்டேன். ஒரு சிவப்பு வரியும் இல்லை. குறைத்த வேகத்தால் எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது இடமே, வேகமன்று.

இன்னொரு சிறு சிக்கல். என் பழைய விண்டோஸ் 32 பிட் வகை. அதற்கு 4 ஜிகாபைட்டுக்கு மேல் கண் தெரியாது. பேஜ்மேக்கருக்காக அதனை ஒரு பக்கத்தில் அப்படியே விட்டு, மறுபக்கத்தில் 64 பிட் லினக்ஸ் நிறுவிக்கொண்டேன்.

2025ஆம் ஆண்டு இறுதியில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் நினைவகத்தின் விலை உலகெங்கும் ஏறியது. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் நண்பர்கள் இதைப் பற்றிக் கேட்டதாலேயே இவ்வளவும் எழுதினேன். அட்டை வாங்குங்கள், ஆனால் சோதிக்காமல் ஒரு கோப்பையும் நகர்த்தாதீர்கள்.

கோப்புகளை மாற்றும் வேலை மூன்று மாதம் நடந்தது. ஒரு நாள், வயோதிப அச்சுக்கோப்பாளர் ஒருவருடன் 2001ஆம் ஆண்டு நான் கண்ட பேட்டியை வாசித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு திடுக்குற்றது. “தனம் கேட்கவில்லை, வேலையை விட்டுவிட்டேன்” என்றிருந்தது. ‘மனம்’ என்றல்லவா அவர் சொன்னார்! மீண்டும் மெம்டெஸ்ட் ஓடவிட்டேன். பிழை இல்லை. மூலக் கோப்பைத் திறந்தேன். அதிலும் ‘தனம்’. கடைசியில் பழைய பெட்டியைக் கிளறி அந்தப் பேட்டியின் நறுக்கைத் தேடி எடுத்தேன். அச்சிலும் ‘தனம்’ என்றே வந்திருந்தது. அந்த இரண்டு விசைகளும் பலகையில் அருகருகே இருப்பவை. தட்டச்சு செய்தவன் நான்தான்.