கோலும் சொல்லும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருகவென மலராசிரியர் பணித்தபோது, பழைய மாணவர் பலரும் எழுதும் கல்லூரி நினைவுகளையே நாமும் எழுதக் கருதினோம். ஆயின், இளமையில் நாம் இழைத்த பிழையொன்றும், நாம் நேரிற் காணாத வேல்ஸ் நாட்டு இசைஞர் ஒருவரின் வாழ்வும் நெஞ்சில் ஒருங்கே எழுந்தன. அவ்விரண்டையுமே இங்கு எழுதத் துணிந்தோம்.

அவ்விசைஞர் வின் மொறிஸ். அவர் தொழில் 'கண்டக்டர்' என்றால், நம்மவர்க்கு பஸ்ஸும் ரிக்கற்றுமே நினைவில் வரும். மேனாட்டுப் பல்லியக் குழுவிலோ அவரே தலைவர். எண்பது தொண்ணூறு பேர் வயலினும் குழலும் கொம்பும் முரசும் முழக்க, அவர் ஒருவர் மட்டும் ஓரொலியும் எழுப்பாது, சிறு கோலொன்றைக் கையிலேந்தி நிற்பார். விரைவும் தாழ்வும், ஓங்கலும் ஒடுங்கலும் அக்கோலின் அசைவிலே பிறக்கும். பிறர் வாயிலாகவன்றி அவரால் இசைக்க இயலாது. ஆதலின், பிறர் மனமே அவருக்கு வாத்தியம்.

மொறிஸ் 1929ஆம் ஆண்டு பெப்ரவரியில் மொன்மத்சயரிலுள்ள திரெலெக் என்னும் ஊரிற் பிறந்தார். சுரங்கத் தொழிலாளரும் மாலையிற் கூடிப் பல குரலிற் பாடிப் பழகிய நாடு வேல்ஸ். அந்நாட்டவர் இலண்டனிலும் சால்ஸ்பேர்க்கிலும் இசை பயின்றதில் வியப்பில்லை. 1957இல் அமெரிக்காவின் ரங்கிள்வூட்டில் குசெவிட்ஸ்கி நினைவுப் பரிசை வென்றார். கண்டிப்புக்குப் பேர்பெற்ற ஜோர்ஜ் செல் அவரைக் கிளீவ்லாந்துக்கு அழைத்துத் தம்மருகே கற்கச் செய்தார். 1960இல் தாயகம் மீண்டவர், எட்டாண்டுகளில் றோயல் கோறல் சொசைற்றியின் நெறியாளரானார். அடுத்த ஆண்டு ஹடர்ஸ்பீல்ட் பாடற்குழுவும் அவர் கைக்கு வந்தது. இவை முன்னர் சேர் மல்கம் சார்ஜன்ற் நெடுங்காலம் வீற்றிருந்த ஆசனங்கள் என்றால், அவற்றின் பெருமையை விரிக்க வேண்டா.

அவர் பெயரை நிலைநிறுத்தியது குஸ்தாவ் மாலரின் பத்தாஞ் சிம்பொனியே. மாலர் 1911இல் இறந்தபோது, அதன் ஐந்து பகுதிகளின் ஓட்டத்தையும் வரைந்து வைத்திருந்தார். பெரும்பகுதிக்கு வாத்தியம் வகுக்கும் பணி எஞ்சியிருந்தது. டெரிக் குக் என்னும் ஆங்கில அறிஞர் அவ்வரைவை ஆராய்ந்து, இசைக்கத்தக்க வடிவாக்கினார். மாலரின் மனைவி அல்மா முதலில் தடுத்தார். பின்னர் ஒலிப்பதிவைக் கேட்டு, 1963இல் இசைந்தார். அடுத்த ஆண்டு அது முழுமையாய் அரங்கேறிற்று. அதன்பின்னும் அமையாது குக் திருத்திய வடிவை, 1972 ஒக்டோபரில் இலண்டனில் முதன்முதல் நடத்தியவர் மொறிஸ். இசைத்தட்டிற் பதித்தவரும் அவரே.

அத்தட்டை நாம் பன்முறை கேட்டதுண்டு. இறுதிப் பகுதியின் தொடக்கத்தில், ஒலியடக்கிய முரசொன்று தனித்தனி அடியாக அதிரும். நியூயோர்க்கிலே தீயணைப்பு வீரர் ஒருவரின் இறுதி ஊர்வலத்தை மாலர் தம் விடுதிச் சாளரத்தினின்று கண்டாரென்றும், அங்கு கேட்ட முரசடியே இதுவென்றும் அல்மா எழுதியுள்ளார். அவ்வடியைத் தொடரும் மௌனத்தை மொறிஸ் அவசரப்படுத்துவதில்லை. அடுத்துக் குழல் தனித்தெழும்போது, நம் கண்கள் நனையாதிருந்ததில்லை.

இத்துணைப் பொறுமையைக் கோலிற் காட்டியவர், அதனைச் சொல்லிற் காட்டவில்லை. முன்கோபமும் கடுமொழியும் அவரைப் பலரினின்றும் பிரித்தன. 1974க்குள் அவ்விரு ஆசனங்களும் அவரை விட்டு நீங்கின. மாலரைப் பதிப்பதற்கு 'சிம்பொனிக்கா ஒவ் லண்டன்' என்னும் குழுவைத் திரட்டினார். 1988இல் பீத்தோவனின் குறிப்புகளினின்று அமைக்கப்பட்ட 'பத்தாஞ் சிம்பொனி'யின் முதற்பகுதியையும் ஒலிப்பதித்தார். ஆயினும், அவர் ஆற்றலுக்கேற்ற பெருங்குழு எதுவும் நிலையாக அவர் கையில் அமையவில்லை. பிறர் முடியாது விட்டவற்றுக்கு ஒலிதந்தவர், தம் வாழ்வு குறையாகவே நிற்க, 2010 பெப்ரவரியில் மறைந்தார்.

இனி நம் பிழை. ஆசிரியப் பணியின் தொடக்கத்தில், மாணவர் இசைக்குழுவொன்றைப் பழக்கினோம். மிருதங்கம் வாசித்த சிறுவன் ஒருநாள் தாளந் தப்பினான். எல்லார் முன்னிலும் அவனை இழித்துரைத்தோம். அவன் மறுமொழி பகராது, மிருதங்கத்தை உறையிலிட்டு, மூலையிற் சாய்த்துவிட்டுப் போனான். மறுநாள் வரவில்லை, பின்னர் என்றும் வரவில்லை. விழாவன்று வேறொருவன் வாசித்தான், கைதட்டலும் கிடைத்தது. நாம் மட்டும் அம்மூலையையே நோக்கியிருந்தோம். அவன் இல்லந்தேடிச் சென்று ஒரு சொற் கூறியிருக்கலாம். கூறவில்லை. மாலரின் முரசு அதிருந்தோறும், உறையிலிட்ட அம்மிருதங்கமே நம் முன் நிற்கின்றது.

இன்று கல்லூரியிற் கற்கும் இளைஞரே, நாளை உங்களுட் பலர் கோலேந்துவீர். ஆசிரியராய், அதிகாரியாய், தந்தையாய் நிற்பீர். கோலின் வன்மை அதனைப் பார்த்திருப்போர் மனத்திலுள்ளது என்பதை மறவற்க. கடிந்துரைக்க நேரின், அன்று மாலையே அவன் இல்லஞ் செல்க. நாம் செல்லாது விட்ட வழி அது.

கல்லூரி அன்னை நீடு வாழ்க.