வெண்பனி பொழியுமோ?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடம் திருமுக்கூடல். காஞ்சிபுரத்தை அடுத்த இச்சிற்றூரில், மார்கழி வைகறையில் புல்நுனிகளில் பனித்துளி நிற்கும். கதிரவன் எழுந்ததும் மறைந்துவிடும். மார்கழியும் தையும் முன்பனிக்காலம் என்பது தமிழர் வகுத்த முறை. அம்மார்கழியிலேதான் கிறிஸ்துமஸ் திருநாளும் வருகிறது. அந்நாளுக்குரிய வாழ்த்துமடல்களிலோ வேறொரு பனியைக் காண்கிறோம். அங்கே கூரையும் மரமும் வெண்பனி மூடிக் கிடக்கும். வடபாலுள்ள குளிர்நாடுகளில் ஆண்டுதோறும் அந்நாளில் அவ்வாறே பனி பொழியுமோ?

பொழியும் என்று உறுதி கூறுதல் இயலாது. வெண்பனிக்குக் குளிர் மட்டும் போதாது. காற்றில் ஈரமும் வேண்டும். மேலும், அந்நாடுகளில் பகல் மிகக் குறுகுவது டிசம்பர் 21 அல்லது 22-ஆம் நாள். ஆயினும் நிலமும் கடலும் கோடையிற் பெற்ற வெப்பத்தை மெல்ல மெல்லவே இழக்கின்றன. எனவே, இங்கிலாந்தில் டிசம்பரைவிட அதனை அடுத்துவரும் மாதங்களிலேயே பனிப்பொழிவுக்கு வாய்ப்பு மிகுதி. குளிர் முற்றுமுன்பே திருநாள் வந்துவிடுகிறது!

வானிலை அறிஞர் 30 ஆண்டுக் குறிப்புகளை ஒப்புநோக்கி இவ்வாய்ப்பைக் கணிக்கின்றனர். அந்நாளை 'வெண்பனிக் கிறிஸ்துமஸ்' என்று கொள்ள, அமெரிக்காவில் காலையில் தரைமீது 1 அங்குலப் பனியேனும் கிடத்தல் வேண்டும். பிரிட்டனிலோ ஒரு பனித்துகள் விழக் கண்டாலும் போதும். அளவுகோல் மாறினால் விடையும் மாறும் அன்றோ!

இக்கணக்கு வேடிக்கைக்காக மட்டும் அன்று. மடலில் அழகாய்த் தோன்றும் பனி, வீடற்ற ஏழையர்க்கு உயிரச்சம் தருவது, வழிகளை அடைப்பது. அது வருமா, வாராதா என்று அறுதியிட இயலாவிடினும், வரக்கூடும் என்று அறிந்தோர் கம்பளியும் விறகும் முன்னரே சேர்த்து வைப்பர்.

இவ்வுண்மை திருமுக்கூடலுக்குப் புதிதன்று. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிற்சுவரில், 11-ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உளது. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவச் சாலையையும், அங்கு இருப்பில் வைத்த மருந்துகளையும் அது விரித்துரைக்கிறது. இன்னார் இந்நாளில் நோயுறுவர் என்பதை எவரும் முன்னறியார். ஆயினும், நோய் வரக்கூடும் என்பதை அறிந்தவர்கள் படுக்கையும் மருந்தும் ஆயத்தமாக வைத்திருந்தனர். நிகழக்கூடியதை எண்ணிப் பிறர் துயர் காக்க முற்படுதலே அறிவின் பயன் ஆகும்.