“அது அவர்கள் வீட்டு விசயம்”



நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ‘என் குடும்பம்’ எனும் தலைப்பில் கட்டுரை கொடுத்தால் முப்பது ஏடுகளிலும் ஒரே தந்தைதான் வருவார். அவர் மாலையில் நாளிதழ் வாசிப்பார். தாயார் தேநீர் கலக்கிக் கொடுப்பார். வார இறுதியில் அனைவரும் பூங்காவுக்குச் செல்வர். மாதிரிக் கட்டுரை நூல்கள் நமக்கு ஈந்த தந்தை அவர்! வீட்டில் நடப்பது எதுவாயினும் பிள்ளைகள் அவருக்குப் பின்னால் மறைந்துகொள்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாணவியின் ஏட்டில் மட்டும், மனனம் செய்த வரிகளுக்கிடையே வேறொரு வரி வந்து விழுந்திருந்தது. “அப்பாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் நான் தொலைக்காட்சியை அடைத்துவிட்டுத் தம்பியைக் கட்டிலுக்கு அடியில் போகச் சொல்வேன்.” திருத்துவதற்கு அதில் பிழை எதுவும் இல்லை.

ஆசிரியர் அறையில் இதைப் பகிர்ந்துகொண்டபோது ஒருவர் கூறிய மறுமொழியையே தலைப்பாக வைத்திருக்கிறேன். அவர் கல்நெஞ்சர் அல்லர். பசியோடு வரும் பிள்ளைகளுக்குத் தம் கைக்காசில் உணவு வாங்கித் தருபவர். “நாம் தலையிட்டால் அந்தப் பிள்ளைக்குத்தான் அடி விழும்” என்பது அவரது அச்சம். அதில் நியாயமும் உண்டு. தகப்பனாரை அழைத்து, “உங்கள் மகள் எழுதியிருப்பதைப் பாருங்கள்” என்று ஏட்டை நீட்டுவதைப் போன்ற அறிவீனம் வேறில்லை. ஆயினும், வீட்டு விசயம் என்று ஒதுங்கிக்கொள்ளலாமா என்பது வேறு வினா. அவ்வினாவுக்கு இந்நாட்டுச் சட்டம் எப்போதோ விடை கூறிவிட்டது.

அந்த விடை எளிதில் கிடைத்துவிடவில்லை. 1982-இல் மகளிர் உதவி அமைப்பு அடைக்கலம் தேடிவரும் பெண்களுக்கென இல்லம் ஒன்றைத் தொடங்கியது. 1985-இல் பல மகளிர் அமைப்புகள் ஒன்றுகூடித் தனிச்சட்டம் வேண்டுமெனக் குரல் எழுப்பின. 1994-இல் குடும்ப வன்முறைச் சட்டம் நிறைவேறியது. ஆனால் 1996 ஜூன் 1-ஆம் நாள்தான் நடப்புக்கு வந்தது. இனம், சமயம் பாராமல் அனைவருக்கும் பொருந்தும் சட்டம் அது. மனைவி அல்லது கணவர், மணவிலக்குப் பெற்றவர், பிள்ளைகள், குடும்பத்தின் பிற உறுப்பினர் என எல்லாரையும் அது காக்கிறது. தாமே செய்தாலும் மற்றொருவரைக் கொண்டு செய்வித்தாலும் வன்முறை வன்முறைதான் என்கிறது. 2012-இல் செய்யப்பட்ட திருத்தம் மனவதையையும் அதில் சேர்த்தது. ஆக, கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்த அந்தச் சிறுவனின் மேல் ஓர் அடியும் விழவில்லை என்பதற்காக அவனுக்கு ஒன்றும் நேரவில்லை என்று நாம் சொல்லிவிட முடியாது.

நம் மொழியில் அடிக்குச் சார்பான பழமொழிகளுக்குப் பஞ்சமே இல்லை. அடிக்கிற கைதான் அணைக்குமாம்! பள்ளித் தொடக்க நாளில் மகனைக் கொண்டுவந்து விடும் தந்தையர் சிலர், “கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள் சார், மற்றதெல்லாம் உங்கள் பாடு” என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நாமும் சிரித்துவைப்போம். பக்கத்தில் நிற்கும் பையன் சிரிப்பதில்லை.

அடுத்து, குடி. தோட்டங்களில் கள்ளுக்கடை நம்மவர் குடும்பங்களைச் சீரழித்தது மறுக்கவியலாத வரலாறு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. பின்னாளில் மலிவு விலைச் சம்சு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இருந்தும், “குடித்தால்தான் அப்படி, மற்றபடி நல்லவர்” என்ற விளக்கத்தை நான் ஏற்பதில்லை. குடித்துவிட்டுத் தம் மேலாளரை அறைந்தவர் எத்தனை பேர்? எவ்வளவு மயக்கத்திலும் யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது. சொட்டு மதுவும் தொடாமல், மாலை பூசை முடித்து, நெற்றியில் நீறு மணக்க மனைவியை அறைபவர்களும் உளர்.

நான் மிகவும் கவலைப்படுவது நம் சமரச வழக்கத்தைப் பற்றித்தான். தோட்டத்தில் கிராணியும் தண்டலும் வழக்குத் தீர்த்த காலம் போய், அடுக்குமாடிகளுக்கு வந்த பிறகும் அவ்வழக்கம் நம்மை விடவில்லை. ஆலயத் தலைவரோ உறவில் மூத்தவரோ இருவரையும் உட்கார வைப்பார். கணவர் கண்கலங்கி மன்னிப்புக் கேட்பார். “பிள்ளைகள் முகத்தைப் பாரும்மா” என்று அப்பெண்ணுக்கு அறிவுரை கூறப்படும். அன்றிரவே அவர் அதே வீட்டுக்குத் திரும்புவார். ஊர்ப் பெரியவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. சொத்துத் தகராற்றுக்கும் திருமணப் பேச்சுக்கும் அவர்கள் வேண்டும். ஆனால் பேசிமுடித்து அவரவர் வீடு திரும்பிய பின், கதவு மூடிய அந்த வீட்டில் அவர்களால் காவலிருக்க முடியாதல்லவா? மேலே குறிப்பிட்ட மாணவியின் தாயார் மூன்று சமரசங்களைக் கண்டவர். தேர்ச்சி அறிக்கை வாங்க வந்த அன்று, “போலீசுக்குப் போனால் அவரைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். வீட்டு வாடகையை யார் கட்டுவது டீச்சர்?” என்று என்னிடம் கேட்டார். அவ்வினா நியாயமானது. சிறை அல்லது சகிப்பு என்ற இரண்டே வழிகள்தாம் உள்ளன என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது.

இடையில் வேறு வழிகளும் உண்டு. 2017-இல் திருத்தப்பட்ட சட்டம் அவசரப் பாதுகாப்பு ஆணையைக் கொண்டுவந்தது. சமூக நல இலாகா அதிகாரியே அதனை வழங்குவார். காவல் நிலையத்தில் புகார் செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அது 7 நாள்களுக்குச் செல்லும். காவல்துறை விசாரணை நடக்கும் காலத்துக்கு இடைக்காலப் பாதுகாப்பு ஆணையும், வழக்கு நடக்கும் காலத்துக்குப் பாதுகாப்பு ஆணையும் நீதிமன்றத்தில் கிடைக்கும். இவற்றுள் எதைப் பெறுவதற்கும் மணவிலக்குக் கோர வேண்டியதில்லை. ‘தாலியை அறுக்கச் சொல்கிறார்கள்’ என்று பதறும் உறவினர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும். அந்தத் தாயார் இரண்டு வாரம் யோசித்தார். பிறகு தாமாகவே இலாகா அலுவலகத்திற்குச் சென்றார். நாங்கள் செய்தது வழி சொன்னது மட்டுமே.

பெண்ணுக்கு அறிவுரை கூறும் பழக்கம் நம் சமூகத்துக்கு மட்டும் உரியதன்று. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, வீட்டிலிருக்கும் மனைவியர் கணவரிடம் டோராயெமோன் போன்ற குரலில் பேசலாம் என்று மகளிர் அமைச்சே சுவரொட்டி வெளியிட்டுப் பின்னர் மன்னிப்புக் கோரியது நினைவிருக்கும். அடிப்பவரோடு ஒரே வீட்டுக்குள் அடைபட்டுப் பெண்கள் பலர் உதவி தேடிய காலம் அது. உதவிக்கு அழைக்கும் 15999 தாலியான் காசே எண் இரவு பகல் பாராமல் இயங்குகிறது.

இனி நம் பொறுப்புக்கு வருவோம். 2001-ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 27, 28, 29-ஆம் பிரிவுகள் வதைக்கப்படும் பிள்ளையைப் பற்றித் தகவல் தெரிவிக்கும் கடமையைப் பேசுகின்றன. அவற்றின் தலைப்புகளில் மருத்துவர், குடும்ப உறுப்பினர், பிள்ளைப் பராமரிப்பாளர் ஆகியோர் உளர். ஆசிரியர் என்ற சொல் அங்கில்லை. அதைக் காரணம் காட்டித் தப்பிக்கலாம்தான். ஆனால் நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் அப்பிள்ளையைப் பார்ப்பவர் மருத்துவரா, நாமா? திங்கட்கிழமை தோறும் வராத பிள்ளை, வெயிலிலும் நீண்ட கைச்சட்டையைக் கழற்றாத பிள்ளை, பள்ளி முடிந்தும் வீட்டுக்குப் போக மனமின்றி வகுப்பைக் கூட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை... வருகைப் பதிவேட்டில் இவையெல்லாம் வெறும் ‘0’ அல்லது ‘/’ என்றே பதிவாகின்றன. சிறிய தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் முழுநேர ஆலோசக ஆசிரியரும் இல்லை. எனவே நாளும் நேரமும் குறித்து, பிள்ளை சொன்ன சொற்களை மாற்றாமல் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுப்பது வகுப்பாசிரியரின் வேலையாகிறது. பிள்ளையைத் துருவித் துருவி விசாரிப்பது நம் வேலையன்று.

தலைமையாசிரியர்கள் பலரும் அறியாத ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். நீதிமன்றம் வழங்கும் பாதுகாப்பு ஆணையில், அடிப்பவர் நுழையக் கூடாத இடங்களுள் பள்ளியையும் சேர்க்கச் சட்டம் இடமளிக்கிறது. அவ்வாறு ஆணை பெற்ற தாயாரிடமிருந்து ஒரு நகலை வாங்கி அலுவலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாயிற்காவலருக்கு விவரம் தெரிந்திருக்கட்டும். அந்தப் பிள்ளை வேறு பள்ளிக்கு மாறிச் சென்றிருந்தால், “எந்தப் பள்ளிக்குப் போனாள்?” என்று யார் வந்து கேட்டாலும், தந்தையே ஆனாலும், முகப்பில் இருக்கும் குமாஸ்தா வாய்தவறிச் சொல்லிவிடக் கூடாது, தலைமையாசிரியரைப் பார்க்கும்படி அனுப்பிவைக்க வேண்டும்.