அந்தோணியாரும் பொன்னிறக் கெளுத்தியும்

செவ்வாய்க்கிழமை நவநாளில் பதுவைப் புனித அந்தோணியாரின் புதுமைகளைச் சொல்லும்போது, ரிமினி நகரத்து மீன்களை நான் மறப்பதில்லை. மக்கள் செவிசாய்க்க மறுத்தபோது அவர் நீர்க்கரையில் நின்று போதித்தார் என்றும், மீன்கள் தலைதூக்கிக் கேட்டன என்றும் மரபு கூறுகிறது. அண்மையில் அமேசான் நதியின் கெளுத்தி ஒன்றைப் பற்றிப் படித்தபின், அந்த நிகழ்ச்சியை முன்போல் எளிதாகச் சொல்ல முடியவில்லை.

அம்மீனின் பெயர் டொராடோ. பொன் பூசியது என்று பொருள். ஆண்டெஸ் மலையடிவார ஆறுகளில் பிறக்கும் அதன் குஞ்சுகளை நீரோட்டம் அட்லாண்டிக் கழிமுகத்தில் கொண்டுசேர்க்கிறது. அங்கு வளர்ந்தபின், அதே நீரோட்டத்தை எதிர்த்து அவை மலையடிவாரம் திரும்புகின்றன. போக வர ஏறத்தாழ 11,600 கிலோமீட்டர்! நன்னீர்க் கெளுத்திகளுள் இதனினும் நீண்ட பயணம் அறியப்படவில்லை. அதன் செவிக்குள் இருக்கும் சிறு கல்லில், மர வளையங்கள்போல், கடந்துவந்த நீரின் தடயங்கள் பதிந்துள்ளன. பிறந்த இடத்தை நோக்கி அது திரும்புவதை அறிவியலார் அக்கல்லிலிருந்தே படித்தறிந்தனர்.

பிரேசிலில், அமேசானின் கிளையாறான மதெய்ராவின் குறுக்கே 2012-லும் 2013-லும் இரு அணைகள் இயங்கத் தொடங்கின. மீன்களுக்கென அமைத்த வழி டொராடோவுக்குப் போதிய துணையாகவில்லை. மேலே, பொலிவியாவில், மீனவர் வலைகளில் அதன் வரத்துக் குறைந்தது. அவ்வணைகளுள் ஒன்றின் பெயர் சாந்தோ அந்தோனியோ. ஆம், மீன்களுக்குப் போதித்தவரின் பெயரே!

மின்விளக்கின் கீழ் அமர்ந்து இதை எழுதும் நான் அணை கட்டியோர்மீது கல்லெறிய இயலாது. அவ்விரு அணைகளும் 7,000 மெகாவாட்டுக்கும் மிகுதியான திறன் கொண்டவை. ஏழையின் வீட்டிற்கும் வெளிச்சம் வேண்டும். ஆயினும், பிற உயிர்கள் நமக்குப் பயன்படுவதால் மட்டும் மதிப்புப் பெறுவதில்லை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் திருமடலில் கற்பித்தார். 2019-இல் அமேசானுக்கென ஆயர் மாமன்றத்தையே கூட்டினார். 2024-இல் சமர்கந்தில் கூடிய பன்னாட்டு மாநாடு, நாடுகள் இணைந்து காக்கவேண்டிய இடம்பெயரும் உயிரினங்களுள் டொராடோவையும் சேர்த்தது. காலம் கடந்தேனும் பிறந்த நல்லெண்ணம் அது.

அன்பர்களே, பிறர் வழியில் இடறலாவதை ஆண்டவர் கடுமையாகக் கண்டித்தார். அந்த இடறல் மனிதர் வழியில் மட்டும்தான் என்று இதுநாள்வரை எண்ணியிருந்தேன். மீன் தன் செவிக்கல்லில் பிறந்த ஆற்றைச் சுமந்து செல்கிறது. படைத்தவரின் குரலைச் சுமக்கவேண்டிய நம் செவிகளோ? அடுத்த செவ்வாயன்று, மீன்களிடம் சொல்ல அல்ல, மீன்களுக்காகச் சொல்ல எனக்குத் துணிவு தருமாறு அந்தோணியாரிடம் மன்றாடுவேன்.